மீன் வண்டிக்குள் விண்வெளிக் காதலன்

எண்ணூர் நெடுஞ்சாலையில் தெற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் கன்டெய்னர் யார்டு சிறிதாகிக்கொண்டே போனது. வேலையை விட்டுவிட்டு நடப்பவனுக்கு முதல் கொஞ்ச தூரம் வெயில் தெரியாது. வெயில் தெரிய ஆரம்பித்தால் பசி வந்துவிட்டது என்று அர்த்தம். பல வேலைகளை விட்டு நடந்து நானே கண்டுபிடித்த உண்மை இது. (பள்ளிக்கூடத்தையும் இப்படித்தான் ஒன்பதாவதில் ஒரு மத்தியானம் விட்டு நடந்தேன். அன்றைக்கும் நல்ல வெயில்.)

யார்டில் சண்டை ஒன்றும் இல்லை. கன்டெய்னர் நம்பரைக் கத்திச் சொல்லும் வேலை எனக்கு. குரல் பெரிது என்பதால் கொடுத்தார்கள். அன்று காலை கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி மாட்டிவிட்டு, சூப்பர்வைசர் என் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார். அதை வாங்கி, மரியாதையாகச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தேன்.

திருவொற்றியூர் வருவதற்குள் போன் அடித்தது.

"ண்ணா, நஸ்ரீன் பேசறேன். வேலைல இருக்கீங்களா?"

"இப்பதான் முடிஞ்சுது."

"இன்னைக்கு முடிஞ்சுதா?"

"மொத்தமாவே முடிஞ்சுது."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள். என் வேலை போனதற்கு இறைவனுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் அவள்தான்.

நஸ்ரீன் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அக்கா செல்வி தண்டையார்பேட்டையில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு பாய். படகுகளுக்குக் கயிறும் கப்பியும் விற்கும் கடை வைத்திருந்தார். மாடியில் அவர் குடும்பம், கீழே அக்கா குடும்பம். பாயின் ஒரே பெண் நஸ்ரீன். காலேஜ் முடித்துவிட்டு, ஒரு பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். வேலை இல்லாத நாட்களில் நான் அக்கா வீட்டில்தான் கிடப்பேன் என்பதால், அதை ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது.

கேம் என்றதும் நான் துப்பாக்கி தேடினேன்.

"சுடறதுக்கு இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"ஓடறதுக்கு?"

"ஓடவும் வேணாம். படிக்கணும்."

நான் எதிலிருந்து தப்பித்து ஒன்பதாவதில் ஓடினேனோ அது திரும்பி வந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் வேறு. படம் அசையாமல் நிற்கும். கீழே வசனம் வரும். பின்னால் மெல்ல ஒரு இசை. நடுநடுவே கதை நின்று, நம்மைப் பார்த்து மூன்று பதில்களை நீட்டும். நாம் எதைத் தொடுகிறோமோ கதை அந்த வழியில் போகும். புத்தகம்தான், ஆனால் நம்மிடம் கேட்டுக் கேட்டு நடக்கிற புத்தகம்.

பெயர் 'ஏழாம் கோளில் மழை'. ஆதன் என்று ஒருவன், விண்கப்பலில் பழுது பார்க்கிற மெக்கானிக். ஏழாம் கோளில் தண்ணீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் தாரா. இரண்டு பேருக்கும் காதல். சிக்கல் என்னவென்றால், கப்பல் போகிற வேகத்தில் அவனுக்கு ஒரு வாரம் ஆனால் கோளில் இருக்கிற அவளுக்கு ஒன்பது வருஷம் ஆகிவிடும். அவன் போய்விட்டு அதே மீசையோடு திரும்பி வருவான். அவளுக்குக் காதோரம் நரைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் அவன் கிளம்பும்போது மூன்று பதில் வரும்: இருந்துவிடுகிறேன், போய்விட்டு வருகிறேன், ஒன்றும் சொல்லாமல் போகிறேன்.

நான் யோசிக்காமல் 'போய்விட்டு வருகிறேன்' என்பதையே தொட்டேன். நாலு தடவை போனேன். ஐந்தாவது தடவை போய்விட்டு வந்தபோது கதவைத் திறக்க அவள் இல்லை.

"உன் கேம்ல ஏதோ கோளாறு. பொண்ணக் காணோம்," என்றேன் நஸ்ரீனிடம்.

"கோளாறு கேம்ல இல்லண்ணா. போய்ட்டே இருந்தீங்கன்னா அவ என்ன பண்ணுவா?"

(அன்றைக்கு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அக்கா மீன் குழம்பில் உப்பு ஜாஸ்தியோ என்று கேட்டது.)

இப்போது அவள் போன் செய்த காரணத்துக்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு கேம் கம்பெனி புது ஆட்களைத் தேடியது. செய்த கேமின் முதல் பாகத்தை, குரலோடு, அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். தாராவின் குரலை நஸ்ரீனே பேசிவிட்டாள். ஆதனுக்குப் பேச வந்த அவளுடைய பெரியம்மா மகன், "அன்பே" என்கிற வார்த்தையைப் பார்த்ததும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாய் நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. "இந்த ஒரு தடவை பாரும்மா. அமையலன்னா கடைக்கு வந்து பில் போடு. அந்தப் பொட்டிய வித்துடலாம்," என்று சொல்லியிருந்தார். பொட்டி என்றால் லேப்டாப். ஆக, அந்தப் பெண்ணுக்கு மாலை ஆறு மணியோடு ஒன்று வாழ்க்கை திறக்கும், அல்லது கயிற்றுக் கடை திறக்கும்.

"நீங்கதானண்ணா ஆட்டோல மைக் கட்டிப் பேசினவரு? குரல் வேணும், வாங்க," என்றாள்.

உண்மை. ஒரு தேர்தலுக்கும் இரண்டு ஆடித் தள்ளுபடிக்கும் நான் ஆட்டோவில் குரல் கொடுத்தவன். எனக்கு இது சாதாரணம் என்று நினைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

மாடி அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார வைத்தாள். முதல் வசனம்: 'தாரா, இந்தக் கோளில் மழை பெய்யும் வரை உன் வாசலில் காத்திருப்பேன்.' தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன். நஸ்ரீன் ரெக்கார்டிங்கை நிறுத்தினாள்.

"ண்ணா, லவ் சொல்றீங்களா, கோலமாவு விக்கறீங்களா?"

மறுபடி பேசினேன். இந்த முறை உருக்கமாகப் பேசினேன். அது தாராவின் கண்ணீர் அஞ்சலிக் கூட்டம் போல இருந்தது என்றாள். மூன்றாவது முறை இயல்பாகப் பேசச் சொன்னாள். இயல்பாகப் பேசினேன்.

"தாரா, எப்டி கீற?"

"வேற கோள்ல யாருண்ணா 'கீற'ன்னு பேசுவாங்க?"

"ஏன், அங்கல்லாம் நம்மாளு போவமாட்டானா?"

அவள் பதில் சொல்வதற்குள் தெருவில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. அதுதான் பெரிய பிரச்னை. என் குரலைக்கூடத் திருத்திவிடலாம், தண்டையார்பேட்டையைத் திருத்த முடியாது. லாரி போனால் பக்கத்துப் பட்டறையில் சுத்தியல். சுத்தியல் நின்றால் எதிர்வீட்டு மிக்சி. மிக்சி நின்றால் "பழைய இரும்பு, பிளாஸ்டிக்" என்று ஒருவன். (அவன் குரல் என் குரலைவிட நன்றாக இருந்ததாக நஸ்ரீன் பார்வை சொன்னது.) மெத்தையை ஜன்னலில் சாய்த்தோம். போர்வைக்குள் புகுந்து பேசினேன். ஒரு வசனம்கூட முழுதாகத் தேறவில்லை. மணி மூன்றைத் தாண்டியது. அந்தப் பெண் அழவில்லை, நகத்தைக் கடித்தாள். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாட்களில் நல்லது நடந்ததே இல்லை என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமா மீன் வண்டி ஓட்டுகிறவர். காசிமேட்டிலிருந்து மார்க்கெட்டுகளுக்கு மீன் லோடு அடிப்பார். பின்னால் பெரிய வெள்ளைப் பெட்டி வைத்த வண்டி. ஐஸ் உருகாமல் இருக்கச் சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் ஒரு சாண் கனத்துக்கு நுரைப்பலகை அடைத்திருப்பார்கள். ஒருமுறை அதைக் கழுவ உள்ளே போய், கதவு தானாகச் சாத்திக்கொண்டபோது கவனித்திருக்கிறேன். உலகம் அணைந்துபோய்விடும். நம் மூச்சு நமக்கே கேட்கும்.

"நஸ்ரீனு, சத்தமே இல்லாத எடம் ஒண்ணு கீது. ஆனா கொஞ்சம் கவுச்சி அடிக்கும்."

"குரல்ல வாசனை தெரியாதுண்ணா. வாங்க."

மாமா விடியற்காலையில் போய்விட்டு வந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டால் கொடுக்கமாட்டார். மீன் வண்டிக்குள் காதல் வசனமா என்று கேட்பார், நியாயமான கேள்விதான். அக்காவிடம் கேட்டேன். அக்கா முதலில் அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டச் சொன்னது. சொன்னேன்.

"இவ்ளோ நல்லாப் பேசுவியாடா நீ? உங்க மாமா கண்ணாலம் கட்டின நாள்லேர்ந்து 'சோத்தப் போடு'ன்றதத் தவிர ஒண்ணும் சொன்னதில்ல," என்றது அக்கா. "போ. அந்த ஆளு எழுந்துக்கறதுக்குள்ள ஜல்தியா முடிச்சிக்கோ." சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணி லாரிக்குப் போய்விட்டது.

ஏற்பாடு இதுதான். என் கையில் வசனத் தாளும் டார்ச்சும். நஸ்ரீன் தன் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, துப்பட்டா நுனியைக் கிழித்து, கூரைக் கொக்கி ஒன்றில் கட்டித் தொங்கவிட்டாள். பெட்டியின் தரையில் ஐஸ் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. கோணித்துணி அடைத்திருக்கும். அவசரம் என்றால் துணியைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டையில் வாயை வைத்து நான் பேச வேண்டும். வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற நஸ்ரீன் குனிந்து பதில் சொல்வாள்.

"என்ன ஆனாலும் நடுவுல நிறுத்தாதீங்கண்ணா. தப்பா வந்தா அதே வசனத்தத் திரும்பப் பேசுங்க. நான் அப்புறம் வெட்டிக்கறேன்," என்று சொல்லி வெளியிலிருந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

இருட்டு. அமைதி. கொஞ்சம் வஞ்சிரம், நிறைய சங்கரா. நான் பேச ஆரம்பித்தேன்.

வெளியில் நடந்தது, பிறகு எல்லோரும் சொல்ல நான் கோத்துக்கொண்டது: மாடியிலிருந்து நஸ்ரீனின் அம்மா கூப்பிட்டார். "சிலிண்டர் வந்திருக்கு, வந்து கதவப் புடி!" போய்ப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து மாமாவுக்குப் போன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் ஒன்றாகக் கடலுக்குப் போயிருந்த வாரம் அது. ஐஸுக்கு அடிதடி. காலையிலேயே ஐஸ் பேக்டரியில் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். "உன் முறை வந்துடுச்சு, இப்ப வந்தா உண்டு," என்றார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முன்பக்கமாக ஏறி, வண்டியை எடுத்துவிட்டார். தாழ்ப்பாள் போட்டிருக்கிற கதவை எவன் திறந்து பார்ப்பான்?

நான் அப்போது, 'தாரா, உன் உலகம் சுழல்வதை நான் உணர்கிறேன்' என்ற வசனத்தில் இருந்தேன். உலகம் உண்மையிலேயே சுழன்றது. நஸ்ரீன் சொன்னது ஞாபகம் வர, நிறுத்தாமல் அடுத்த வசனத்துக்குப் போனேன். அடுத்த வசனத்தில் முழங்கால் மடங்கி உட்கார்ந்தேன். (காதலன் மண்டியிடும் இடம் அது இல்லை.) டார்ச் கைநழுவி எங்கோ உருண்டு அணைந்தது. அப்போதுதான் வண்டி ஓடுகிறது என்பது புரிந்தது. இவ்வளவு தாமதமாகப் புரிந்துகொள்கிறவனைத்தான் அந்தப் பெண் விண்வெளிக்கு அனுப்பினாள்.

என் போனில் டவர் இல்லை. கதவைத் தட்டினேன், நுரைப்பலகை அடைத்த கதவு, தலையணையைத் தட்டுவது போல இருந்தது. தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, துணியைப் பிடுங்கி, குப்புறப்படுத்து வாயை வைத்தேன்.

"மாமா! நிறுத்து! உள்ள ஆள் கீறேன்!"

வண்டி எங்கோ நெரிசலில் நின்றது. ஓட்டை வழியே தார்ச்சாலையும், ஒரு பைக்கின் முன்சக்கரமும், செருப்புப் போட்ட ஒரு காலும் தெரிந்தன.

"நைனா! பைக்கு நைனா! டிரைவரண்ட சொல்லு!"

கால் தரையில் ஊன்றியது. பைக் கொஞ்சம் பின்னால் போனது. அந்த மனிதர் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தார் போலிருக்கிறது. கீழே யாரும் இல்லை, குரல் மட்டும் இருந்தது. "யம்மாடி!" என்ற சத்தம் கேட்டது. பிறகு பைக் இல்லை.

எழுந்து உட்கார்ந்தேன். இதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன். காற்று ஓட்டை வழியாக வந்தது. மாமா எங்காவது போய்க் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். அதுவரை செய்ய என்ன இருக்கிறது? தலைக்கு மேலே நஸ்ரீனின் போன் ஊஞ்சலாடிக்கொண்டே பதிவு செய்துகொண்டிருந்தது, சின்ன சிவப்புப் புள்ளியோடு. ஆறு மணி என்பது ஞாபகம் வந்தது. மிச்ச வசனங்களைப் பேச ஆரம்பித்தேன்.

தாள் தெரியவில்லை. கருத்து ஞாபகம் இருந்தது, வார்த்தை இல்லை. அதனால் என் வாய்க்கு வந்தபடிதான் பேசினேன். பெட்டி முழுக்க எஞ்சின் உறுமல் மந்தமாக இருந்தது. இருட்டில் எங்கே போகிறேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆதனும் அப்படித்தானே இருந்திருப்பான் என்று தோன்றியது.

"தாரா, நான் வந்துகினே இருக்கேன். எனக்கு இது ஒரு வாரம்தான். உனக்கு எவ்ளோ நாளுன்னு நெனச்சாத்தான் பேஜாரா கீது. எங்க போனாலும் வுட்டுட்டு நடந்துடறேன், அது இன்னாமோ என் காலு அப்டி. இந்த தபா..."

அதற்கு மேல் வசனத்தில் என்ன என்று மறந்துவிட்டது. வண்டி நின்றது.

கடைசி வசனம் மட்டும் நினைவிருந்தது. ஆதன் அவள் வீட்டு வாசலில் நின்று சொல்வது. எழுந்து நின்றேன். குரலை நன்றாக எடுத்தேன்.

"தாரா! கதவத் தொற! நான் வந்துட்டேன்!"

கூரையில் ஐஸ் கொட்டுவதற்கென்று ஒரு மூடி உண்டு. அது திறந்தது. மேலேயிருந்து வெள்ளை வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வினாடி எனக்கு மெய்சிலிர்த்தது. நிமிர்ந்து பார்த்து, இரண்டு கைகளையும் விரித்து, "தாரா!" என்றேன்.

ஐஸ் கொட்டியது.

உடைத்த ஐஸ், மெஷினிலிருந்து குழாய் வழியாக அருவி மாதிரி வரும். முதல் அடி தோளில். அடுத்தது வாயில். 'தாரா'வின் 'ரா' உள்ளேயே உறைந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் இடுப்புவரை ஐஸில் நின்றேன். மேலே குழாயைப் பிடித்திருந்தவன் குரல் கேட்டது: "மேஸ்திரி! வண்டிக்குள்ள பேயி! பொம்பள பேரச் சொல்லிக் கூப்புடுது!" குழாயை விட்டுவிட்டுக் குதித்து ஓடினான். குழாய் தன்பாட்டுக்குக் கொட்டியது. யாரோ மெஷினை நிறுத்தியபோது ஐஸ் என் மார்புக்கு வந்திருந்தது.

பின்கதவைத் திறந்தார்கள். சரிந்த ஐஸோடு நானும் சரிந்து, காசிமேட்டு ஐஸ் பேக்டரி வாசலில், வரிசையில் நின்ற அத்தனை வண்டிக்காரர்களுக்கும் முன்னால், மாமாவின் காலடியில் போய்ச் சேர்ந்தேன்.

மாமா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "மச்சான்?"

"ம்..ம்..மாமா."

"உள்ள இன்னாடா பண்ணிகினு இருந்த?"

பல் கிட்டியது. உண்மையைத் தவிர வேறு எதையும் யோசிக்கச் சூடு இல்லை.

"க..காதல் வசனம் பேசிகினு இருந்தேன்."

"யார்கிட்ட?"

"வேற கோள்ல கீற ஒரு பொண்ணாண்ட."

ஐஸ் பேக்டரி மேஸ்திரி கன்னியப்பன் என் வாயை மோந்து பார்த்தார். சரக்கு இல்லை, மீன்தான் என்று அறிவித்தார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். வண்டியில் இருந்திருக்க வேண்டிய ஐஸ் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. "ஏழுமலை, உன் முறை போச்சு, வண்டிய எடு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அப்போதுதான் எனக்கு நிஜமான குளிர் அடித்தது. கொக்கியைப் பார்த்தேன். துப்பட்டாத் துண்டு மட்டும் தொங்கியது.

"மாமா, போனு! பாய் வூட்டுப் பொண்ணு போனு! ஐஸ்ல கீது!"

விஷயத்தைச் சொன்னேன். ஆறு மணிக்குள் அது போய்ச் சேராவிட்டால் அந்தப் பெண் கயிற்றுக் கடையில் பில் போட வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் படிப்பு, கேம், பெங்களூரு எதையும் கேட்கவில்லை. ஒருவன் மண்வெட்டியை எடுத்தான். "வேணாம், போனு ஒடஞ்சிடும், கையால வாரு," என்றார் கன்னியப்பன். முறை போய்விடும் என்று ஹாரன் அடித்தவர்களே இறங்கி வந்து, இரண்டு கையாலும் ஐஸை வாரி வாரிப் போட்டார்கள். கை மரத்தால் அக்குளில் வைத்துக்கொண்டு மறுபடி வாரினார்கள். மாமா திட்டிக்கொண்டே வாரினார்.

திடீரென்று பெட்டிக்குள், ஐஸுக்கு அடியில், நீலமாக ஒரு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. போன் அடித்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். மாமாதான் தோண்டி எடுத்து, லுங்கியில் துடைத்துக் காதில் வைத்தார். அம்மா போனிலிருந்து நஸ்ரீன்.

"ண்ணா! எங்க போனீங்க? வண்டியே காணோம்!"

"உங்கண்ணன் ஐஸ் பேக்டரில பனிமனுசன் மாதிரி நிக்கிறாரும்மா," என்றார் மாமா.

"ரெக்கார்டிங் இருக்கா மாமா?"

அதைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னை விடுவேன் என்றார் கன்னியப்பன். திருட வந்துவிட்டுக் கதை சொல்கிறேனோ என்று அவருக்கு இன்னும் சந்தேகம். போட்டேன். ஐஸ் மேட்டின்மேல் வைத்த போனிலிருந்து என் குரல் வந்தது. முதலில் சிரித்தார்கள். கோலமாவுக் குரல் போய், எஞ்சின் உறுமல் வந்து, 'நான் வந்துகினே இருக்கேன்' வந்தபோது சிரிப்பு குறைந்துவிட்டது. மேலேயிருந்து குதித்து ஓடியவன்கூடத் திரும்பி வந்து நின்றான். பிறகு 'தாரா' என்ற கத்தலும், ஐஸ் விழும் பேரிரைச்சலும்.

"அப்பால இன்னா ஆச்சு? கதவத் தொறந்துச்சா?" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"அது ஆடறவங்க கையில கீதுண்ணா. இருந்துடலாம், இல்ல போய்டலாம்."

"போவாம எப்புடி? கப்பல்காரன் போய்தான் ஆவணும்."

"போனா போறான். ஒவ்வொரு தபாவும் அது கதவாண்டயே நிக்கணுமா?" என்றார் இன்னொருவர்.

"அதான? இவன் வருவான்னு உக்காந்துகினே இருக்கறதுக்கு அதுக்கு வேற சோலி இல்லியா? கப்பல்ல அதுவும் ஏறிக்கலாமில்ல," என்றார் மாமா. அவருக்குக் கோபம் என் மேல். அதைத் தாராவுக்காகப் பேசித் தீர்த்துக்கொண்டார்.

ஈரத்தோடு ஷேர் ஆட்டோவில் என்னை ஏற்ற மாட்டோம் என்றார்கள். ஒரு வண்டிக்காரர் பைக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நஸ்ரீன் தெருமுனையிலேயே நின்றிருந்தாள். போனை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நான் வெயிலில் காய்ந்தேன். ஆறு அடிக்கச் சற்று முன்பு ஜன்னல் திறந்தது. "போயிடுச்சுண்ணா!" என்றாள். முகம் சரியில்லை. "உங்க பேச்ச மாத்த நேரமில்ல. ஆதன் 'வந்துகினே இருக்கேன்'னுதான் சொல்றான். அப்படியே அனுப்பிட்டேன்."

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. கேமை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கதை மெதுவாகப் போகிறதாம். ஆனால் அந்தக் கப்பலின் சத்தத்தையும் கதவு திறந்ததும் கொட்டுகிற இரைச்சலையும் எப்படிச் செய்தாய் என்று கேட்டிருந்தார்கள். மீன் வண்டி என்று எழுதினாள். வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒலி சேர்க்கும் வேலை கொடுத்தார்கள். லேப்டாப் விற்பனைக்கு வரவில்லை. கயிற்றுக் கடையில் பாய்தான் இன்னும் பில் போடுகிறார். 'ஏழாம் கோளில் மழை'யை அவள் பிறகு தானே இணையத்தில் போட்டாள். அதில் இப்போது மூன்று பதில் இல்லை, நாலு. நாலாவது: நீயும் வா.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாக இதைக் கொண்டாடுகிறார்கள். அக்கா இன்றைக்கும் பிரிட்ஜைச் சாத்துவதற்கு முன்னால் கதவில் இரண்டு தட்டு தட்டி, "தம்பி, உள்ள கீறியா?" என்று கேட்கும். விருந்தாளி வந்திருந்தால் கட்டாயம் கேட்கும். அவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அப்புறம் முழுக் கதை. நஸ்ரீன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு என்னை அறிமுகம் செய்தபோது, "இவருதான் ஆதன்," என்றாள். அந்த மனிதர் சட்டென்று என் கையைப் பிடித்து, சில்லென்று இருக்கிறதா என்று பார்த்தார்.

அது எல்லாம் பின்னால். அன்று சாயங்காலம் மாமா வரிசையின் கடைசியில் நின்று, ஐஸ் ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு வந்தார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டுச் சொன்னார்: "மேஸ்திரி உன்ன நாளைக்குக் காலைல வரச் சொன்னாரு."

"எதுக்கு மாமா? ஐஸ் போனதுக்கா?"

"போய்ப் பாரு."

விடிந்ததும் போனேன். கன்னியப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். குழாய் பிடிக்கிற பையன் மேலே ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறானாம், உள்ளே யாராவது இருந்தால் என்ன செய்வது என்று. முதலாளிக்கும் அந்தப் பயம் வந்துவிட்டதாம். "இனிமே ஒவ்வொரு வண்டிக்கும் ஐஸ் போடறதுக்கு முன்னால ஒர்த்தன் மேல ஏறி, மூடியத் தொறந்து, ஆள் கீதான்னு கேட்டுட்டுதான் போடணும். உனக்குத்தான் குரல் பெருசா கீதே," என்றார். ஊரில் எவ்வளவோ பேர் வேலை தேடுகிறார்கள். இல்லாத ஒரு வேலையை உண்டாக்கி, அதில் தானே சேர்ந்தவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஏணியில் ஏறினேன். அன்றைய முதல் முறை மாமாவுடையது. மூடியைத் திறந்து, இருட்டுக்குள் தலையை நீட்டி, முழுக் குரலில் கேட்டேன்:

"உள்ள யார்னா கீறீங்களா?"

கீழே டிரைவர் சீட்டிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

"உள்ள கீறவன்லாம் இன்னிக்கு மேல நிக்கறான். ஐஸப் போடு மச்சான்."